பாலைக்குப் புறப்படுமுன்

பாலைக்கெனத் தனி நிலம் இல்லை என்பது தமிழ் மரபு. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் இயல்பு திரிந்தவிடத்துப் பாலை தோன்றும் எனச் சிலப்பதிகாரம் கூறும். அதனை வகுப்பறையிற் கற்பிக்கும் நம்மிற் பலர், என்றும் பாலையாகவே கிடக்கும் நிலத்தைக் கண்டதில்லை. காண விழைவோர் இந்தியாவின் மேற்கெல்லையிலுள்ள தார்ப் பாலைக்குச் செல்லலாம். கோட்டை, கோயில், மணற்குன்று ஆகிய மூன்றையும் ஒரே வழியிற் காணத் தருவது இராசத்தான்.

கார்த்திகை முதல் மாசி வரை செல்லத்தக்க காலம்; பின்னர் வெயில் பொறுத்தற்கரியது. உதயப்பூரில் மோட்டார் வண்டி அமர்த்திப் புறப்பட்டால் ஐந்து நாள்கள் போதும்.

முதல் நாள் இரணக்பூர். 15ஆம் நூற்றாண்டில் வெண்சலவைக் கல்லால் எழுந்த சமணக் கோயில் இங்குளது. அதன் தூண்கள் 1,444 என்பர். வழிபாட்டுக்கன்றிப் பார்வையிட வருவோரை நண்பகல் முதலே உள்ளே விடுவராதலின், காலையிற் புறப்படுதல் போதும். இரவு சோத்பூரிற் தங்கி, மறுநாள் மெகரான்கட் கோட்டையைக் காண்க. 1459இல் இராவ் சோதா என்னும் அரசன் தொடங்கிய கோட்டை அது. மூன்றாம் நாள், ஏறத்தாழ 65 கிலோமீற்றரிலுள்ள ஓசியானில் 8ஆம் நூற்றாண்டுக் கோயில்களைக் கண்டு, மாலையிற் செய்சல்மேரை அடையலாம்.

செய்சல்மேர்க் கோட்டை 1156இல் எழுந்தது. மஞ்சள் நிற மணற்கல்லாலாயது. அந்தி வெயிலிற் பொன்னென ஒளிரும். எனினும் நான்காம் நாட் காலையில் முதலிற் காணவேண்டியது, ஊரின் புறத்தேயுள்ள கடிசர் ஏரி. மழை அரிதாகிய அவ்வூர்க்கு நெடுங்காலம் உயிர்நிலையாயிருந்தது அவ்வேரியே. பெண்டிர் குடத்திற் சுமந்து வந்த நீரை மக்கள் துளியும் வீணாக்காது வழங்கினர்.

இன்று குழாய்நீர் குன்றின்மேல் ஏறிவிட்டது. கழிவுநீர் கசிந்திறங்கி மென்மையான அடித்தளத்தை நெகிழ்விக்கின்றது. கொத்தளங்கள் சில சரிந்தன. உலக நினைவுச்சின்ன நிதியம் 1996இல் இக்கோட்டையை இடருற்ற சின்னங்களுள் ஒன்றாக அறிவித்தது. 2013இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றபோதும் இடர் நீங்கிற்றில்லை.

கோட்டையினுள்ளே விடுதிகள் உள. பழங்கோட்டையில் ஓரிரவு துயின்றோம் எனச் சொல்ல யார்க்கும் ஆசை எழும். அவ்வாசையைத் துறத்தல் வேண்டும். தலைமுறை தலைமுறையாக அங்கு வாழுங் குடிகள் நீரின்றி வாழ்தல் இயலாது; விருந்தினராகிய நாமோ அடிவாரத்திற் தங்கலாம். பகலில் ஏறிச் சென்று சமணக் கோயில்களையும் தெருக்களையும் கண்டு மீள்வோமாக.

ஐந்தாம் நாள் மாலை 40 கிலோமீற்றர் மேற்கேயுள்ள சாம் மணற்குன்றுகளிற் கதிரவன் மறைவதைக் காணலாம். நீரின்மையாற் பாலையாகிய நிலத்தில், நீராலேயே ஒரு கோட்டை நலிகின்றது. ஆதலின் பயணத் திட்டம் எழுதுவோர் தங்குமிடத்துக்கு நேரே, ‘கோட்டைக்கு வெளியே’ என்று முதற்கண் குறித்துக்கொள்க.