விரிந்த குடையின் கீழும் விபத்து ஏன்?

1988 ஏப்ரல் 2. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஒரு சிறு விமானத்திலிருந்து, 10,500 அடி உயரத்தில், ஒரு பயிற்சியாளரும் அவருடைய மாணவரும் குதித்தார்கள். அவர்களைப் படம்பிடிக்க மூன்றாவதாக ஒருவரும் குதித்தார். வயது 35. அதற்குள் 800 தடவைக்கு மேல் குதித்தவர். தலையில் கேமரா, உடம்போடு கட்டிய பையில் அந்தக் காலத்து வீடியோ ரெக்கார்டர். பயிற்சியாளரும் மாணவரும் பாராசூட்டை விரித்து நலமாகத் தரையிறங்கினார்கள். படம்பிடித்தவர் திரும்பவில்லை. பாராசூட்டை அணியாமலே அவர் குதித்திருந்தார்.

இதைக் கேட்கும் எவருக்கும் முதலில் தோன்றுவது, "அது எப்படி மறக்கும்?" என்பதுதான். நம்மில் பலர் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் வண்டியை நிறுத்தி யோசித்திருக்கிறோம். பழகிய கை தன் வேலையைச் செய்துவிட்டது என்று மனம் நம்பிக்கொள்ளும். அன்று அவருடைய மனம் முழுக்கக் கேமராவில் இருந்திருக்க வேண்டும். ஸ்கைடைவிங் பாதுகாப்பைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் அந்த மனிதர்தான் என் நினைவுக்கு வருகிறார். ஏனென்றால், இன்று இந்த விளையாட்டில் உயிர் போகும் விபத்துகளில் பெரும்பாலானவற்றைத் தோண்டிப் பார்த்தால், அடியில் கிடப்பது கிழிந்த துணியோ அறுந்த கயிறோ கிடையாது. கவனம் வேறெங்கோ இருந்த சில நொடிகள்தான்.

முன்பைவிடப் பாதுகாப்பானதா?

ஆம், மிகவும். அமெரிக்க பாராசூட் சங்கமான யுஎஸ்பிஏ ஆண்டுதோறும் கணக்கு வெளியிடுகிறது. 1970களில் அங்கே ஆண்டுக்குச் சராசரியாக 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2024இல் ஏறக்குறைய 38.8 லட்சம் குதிப்புகள் நடந்தன. இறந்தவர்கள் 9 பேர்.

இதில் கருவிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒவ்வொருவர் முதுகிலும் இரண்டு பாராசூட்டுகள் இருக்கின்றன. ஒன்று முதன்மைக் குடை, மற்றொன்று அவசரத்துக்கான ரிசர்வ். அமெரிக்காவில் ரிசர்வை உரிமம் பெற்ற வல்லுநர்தான் மடிக்க வேண்டும். 180 நாளுக்கு ஒருமுறை பிரித்துப் பார்த்து மறுபடி மடிக்க வேண்டும். பழுதான முதன்மைக் குடையை ஒரே இழுப்பில் கழற்றிவிட உதவும் மூன்று வளைய அமைப்பை பில் பூத் என்பவர் உருவாக்கினார். 1991இல் ஜெர்மனியிலிருந்து சைப்ரஸ் என்ற சிறு மின்னணுக் கருவி வந்தது. மயங்கியோ மறந்தோ ஒருவர் தரையிலிருந்து ஏறக்குறைய 750 அடி உயரம்வரை வேகமாக விழுந்துகொண்டிருந்தால், அதுவே ரிசர்வை விரித்துவிடும்.

அதே பில் பூத் வருத்தத்தோடு ஒன்றைச் சொல்லிவந்தார்: கருவி எவ்வளவு பாதுகாப்பானதாக ஆகிறதோ, அவ்வளவுக்கு மனிதர்கள் துணிந்து ஆபத்தைத் தேடுவார்கள். அவர் சொன்னது எங்கே பலித்தது என்று பார்த்தால், தரைக்குப் பக்கத்தில்தான். பாராசூட் முழுசாக, ஒரு குறையும் இல்லாமல் விரிந்த பிறகு நடக்கும் விபத்துகள் உயிரிழப்புகளில் பெரும் பங்கு வகிக்கின்றன. விழுகிறவரைக் காப்பாற்ற சைப்ரஸ் இருக்கிறது. நல்ல குடையைத் தவறாக ஓட்டுகிறவரைக் காப்பாற்ற எந்தக் கருவியும் இல்லை.

குடையை 'ஓட்டுவது' என்றால் என்ன?

பழைய போர்ப் படங்களில் வரும் வட்டக் குடை காற்றின் போக்கில் மிதந்து இறங்கும். இன்று விளையாட்டில் பயன்படுவது வேறு. டொமினா ஜால்பர்ட் 1960களில் வடிவமைத்த, செவ்வக வடிவத் துணி இறக்கை அது. முன்பக்க வாய்கள் வழியாகக் காற்று நுழைந்து, துணி அறைகள் உப்பி, விமான இறக்கையின் வடிவம் எடுக்கும். அது மிதப்பதில்லை, பறக்கிறது. சாதாரணமாக மணிக்கு 40 கிலோமீட்டர் அளவுக்கு முன்னோக்கிப் போகும். நொடிக்கு ஏறக்குறைய 5 மீட்டர் இறங்கும். அதற்கு எஞ்சின் கிடையாது. தவறிவிட்டால் மறுபடி மேலே எழும்பிச் சுற்றி வர முடியாது. தரையிறங்க ஒரே ஒரு வாய்ப்புதான்.

ஒவ்வொரு கையிலும் ஒரு கைப்பிடி. வலதை இழுத்தால் வலப்பக்கம் திரும்பும், இடதை இழுத்தால் இடப்பக்கம். தரைக்குச் சில அடி மேலே இரண்டையும் சேர்த்து இழுத்தால் வேகம் அடங்கிக் கால் மெல்லப் படும். மதில்மேல் இறங்கும் புறா கடைசி நொடியில் சிறகை விரித்துத் தன்னை நிறுத்திக்கொள்வதைப் பார்த்திருப்போமே, அதேதான். இதை ஃபிளேர் என்கிறார்கள்.

வானத்தில் வரைந்த செவ்வகம்

ஒரு விமானத்திலிருந்து ஒரே சமயத்தில் 15, 20 பேர் குதிக்கிறார்கள். எல்லோரும் ஒரே மைதானத்தில் இறங்க வேண்டும். அதற்காக விமானங்கள் பின்பற்றும் அதே செவ்வகப் பாதையைக் குடைகளும் பின்பற்றுகின்றன.

ஏறக்குறைய 1,000 அடி உயரத்தில், இறங்க வேண்டிய இடத்துக்குப் பக்கவாட்டில், காற்று முதுகில் தள்ளப் பறப்பது முதல் பகுதி: டவுன்விண்ட். 600 அடியில் செங்கோணமாகத் திரும்பி, காற்றுக்குக் குறுக்காகப் போவது இரண்டாவது: பேஸ். 300 அடியில் மறுபடி திரும்பி, காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு நேராக இறங்குவது மூன்றாவது: ஃபைனல். இந்த மூன்றும் சேர்ந்து ஒரு நிமிடம்தான்.

காற்றை எதிர்த்து ஏன் இறங்க வேண்டும்? குடையின் வேகம் 40 கிலோமீட்டர், காற்றின் வேகம் 16 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எதிர்க்காற்றில் தரையைப் பொறுத்த வேகம் 24 ஆகக் குறையும். காற்றோடு சேர்ந்து இறங்கினால் 56 ஆகக் கூடும். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், அந்த இரண்டுக்கும் வித்தியாசம் ஐந்து மடங்குக்கு மேல்.

எல்லோரும் ஏன் ஒரே பக்கம் பார்த்து இறங்க வேண்டும்? எதிரெதிரே வரும் இரண்டு குடைகள் மணிக்கு 80 கிலோமீட்டரில் நெருங்குகின்றன. ஒரே திசையில் போகும் இரண்டுக்கும் இடையே அந்த வேகம் மிகச் சொற்பம். அதனால் முதலில் இறங்குபவர் எந்தத் திசையோ, மற்றவர்களுக்கும் அதுவே திசை என்பது பரவலான வழக்கம். தாழ்வாக இருப்பவருக்குத்தான் வழி விட வேண்டும். தன் தலைக்குமேல் விரிந்திருக்கும் துணி மறைப்பதால் மேலிருந்து வருபவரை அவரால் பார்க்க முடியாது. பாதைக்குள் வந்தபின் சுழல்வதோ பாம்புபோல் வளைந்து வளைந்து போவதோ கூடாது. நாம் அடுத்து எங்கே இருப்போம் என்று பின்னால் வருபவர் ஊகிக்க முடிய வேண்டும்.

இதில் அனுபவம் மட்டும் காப்பாற்றாது. ஸ்கைடைவ் சிகாகோவை நிறுவிய ரோஜர் நெல்சன் ஆயிரக்கணக்கான தடவை குதித்தவர். 2003இல் தரையிறங்கும் நேரத்தில் இன்னொரு குடையோடு மோதித்தான் அவர் உயிரிழந்தார். தன் திறமை எவ்வளவு இருந்தாலும் வானத்தில் இன்னொருவர் இருக்கிறார். செவ்வகப் பாதை என்பது முன்பின் தெரியாத அந்த இன்னொருவரோடு செய்துகொண்ட வாக்கு.

உயிரைப் பறிக்கும் ஒரு திருப்பம்

திருவிழா ராட்டினத்தில் சங்கிலி ஊஞ்சல் சுற்றும்போது நாற்காலி வெளிப்பக்கமாக வீசப்படும். குடையில் ஒரு கைப்பிடியை ஆழமாக இழுத்தால் அதேதான் நடக்கிறது. உடம்பு வெளியே வீசப்படுகிறது, இறக்கை சாய்கிறது, மூக்கைக் கவிழ்த்துப் பாய்கிறது. சில நொடிகளில் குடை தானாகவே மறுபடி தலைக்கு மேலே வந்து சமநிலை அடையும். ஆனால் அதற்கு உயரம் வேண்டும். சிறிய, வேகமான குடைகளில் ஒரு திருப்பமே நூற்றுக்கணக்கான அடியைத் தின்றுவிடும். 1,000 அடியில் அது வெறும் திருப்பம். 100 அடியில் அதே இழுப்பு மனிதனைத் தரையில் அடிக்கிறது.

வேண்டுமென்றே அப்படி இழுப்பவர்களும் உண்டு. தவறுதலாக இழுப்பது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது: காற்றின் திசையைக் காட்டும் காற்றுப்பையை ஒருவர் பார்க்கிறார், தான் காற்றோடு போய்க்கொண்டிருப்பது தெரிகிறது. "எதிர்க்காற்றில்தான் இறங்க வேண்டும்" என்ற பாடம் நினைவுக்கு வருகிறது. அல்லது திடீரென்று எதிரே வேலி, மின்கம்பி, இன்னொரு மனிதர். கை தானாக ஒரு பக்கத்தை இழுத்துவிடுகிறது.

அதனால் நல்ல பயிற்சியாளர்கள் வரிசையை மாற்றிக் கற்றுக்கொடுக்கிறார்கள். முதலில் இறக்கை மட்டமாக இருக்கட்டும். அடுத்து, தடை எதிலும் மோதாமல் இருக்க வேண்டும். காற்றின் திசை அதற்கும் பிறகுதான். காற்றோடு இறங்கினால் வேகம் கூடும், உருள வேண்டியிருக்கும், முழங்கை சிராய்க்கும், அதிகம் போனால் கால் முறியும். கடைசி நேரத்தில் திரும்பினால் உயிரே போகக்கூடும். கால்களைச் சேர்த்து, முழங்காலை லேசாக மடக்கி, பக்கவாட்டில் உருண்டு எழுவதில் எந்த அவமானமும் இல்லை. ஒதுங்கியே ஆக வேண்டுமென்றால், இரண்டு கைப்பிடிகளையும் பாதி பிடித்தபடி, சாய்வில்லாமல் மெல்லத் திரும்பும் முறை ஒன்று இருக்கிறது. அதை உயரத்திலேயே பலமுறை பழகி வைக்க வேண்டும். அவசரத்தில் புதிதாகக் கற்க நேரம் கிடைக்காது.

கேமராவுக்கு ஏன் 200 குதிப்பு?

1979இல் வந்த ஜேம்ஸ்பாண்ட் படமான 'மூன்ரேக்கர்' தொடக்கக் காட்சியில் பாராசூட் இல்லாத நாயகன் வானத்தில் சண்டையிடுவான். அந்தச் சில நிமிடங்களுக்காக, தலையில் கேமராவைப் பொருத்திய வல்லுநர் உட்பட ஒரு குழு 88 தடவை குதித்தது. அப்போதெல்லாம் கேமராவின் எடையே ஒரு காவல். தேர்ந்தவர் மட்டுமே அதைத் தொடுவார். இன்று தீப்பெட்டி போன்ற கேமரா எல்லார் பையிலும் இருக்கிறது. பத்தாவது குதிப்பிலேயே அதை மாட்டிக்கொள்ளும் ஆசை வருகிறது.

யுஎஸ்பிஏ பரிந்துரைப்பது குறைந்தது 200 குதிப்புகள். காரணம் இரண்டு.

ஒன்று, சிக்குவது. மணிக்கு 200 கிலோமீட்டரில் விழும் உடம்புக்குப் பின்னால் குடை விரியும்போது பல கயிறுகள் தலைக்கு அருகே சீறிக்கொண்டு போகின்றன. ஹெல்மெட்டில் விரல் அகல இடைவெளி இருந்தால் போதும், கயிறு புகுந்துவிடும். காற்றாடி நூல் சிக்கினால் அறுத்துவிடலாம். இங்கே சிக்கிய கயிற்றின் மறுமுனையில் ஒரு முழுக் குடை இழுக்கிறது. இந்த முனையில் இருப்பது கழுத்து. பழுதான குடையைக் கழற்றிவிட்டாலும் அது தலையோடு தொங்கும். ரிசர்வை விரித்தால் அது போய் இதில் சுற்றிக்கொள்ளும். அதனால்தான் அனுபவமுள்ள படப்பிடிப்பாளர்கள் கேமராவின் விளிம்புகளை மழுங்கச் செய்து, இடுக்குகளை டேப் ஒட்டி மூடி, ஹெல்மெட்டையே ஒரு கையால் உடனே கழற்றி எறிய வசதியான தாடைப்பட்டை வைத்துக்கொள்கிறார்கள். கண்ணைக் கட்டினாலும் அந்தப் பிடி கைக்கு வர வேண்டும் என்று தரையில் பழகுகிறார்கள்.

இரண்டாவது காரணம்தான் பெரிது: கவனம். விழும்போது 1,000 அடி கடக்க ஐந்தரை நொடி போதும். "இந்த ஷாட் முடியட்டும்" என்று பத்து நொடி தள்ளிப்போட்டால் 1,750 அடிக்கு மேல் போய்விடுகிறது. படம்பிடிப்பவர் சட்டகத்தைப் பார்க்கிறார், உயரமானியைப் பார்ப்பதில்லை. கூட இருப்பவர்களும் கேமராவுக்காக நெருங்கி வருகிறார்கள், திட்டத்தில் இல்லாததைச் செய்கிறார்கள். குடை விரிந்த பிறகும் நண்பர் இறங்குவதை எடுக்க வேண்டும் என்ற நினைப்பில் செவ்வகப் பாதையே தவறிப்போகிறது. 200 குதிப்புக்குள் உயரத்தைப் பார்ப்பதும், சுற்றிலும் ஆள் இருக்கிறதா என்று நோட்டம் விடுவதும் மூச்சு விடுவதுபோல் பழகிவிடும். மிச்சமிருக்கும் கவனத்தைத்தான் கேமராவுக்குத் தரலாம். உயிரைக் காக்க வேண்டிய கவனத்திலிருந்து எடுத்துத் தரக் கூடாது.

முதல்முறை போகிறவர்களுக்கு

துபாயின் பாம் ஜுமைரா தீவுக்கு மேலேயும் ஹரியானாவின் நார்நௌலிலும் குதிக்கப் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் டாண்டம் முறையில், பயிற்சியாளரின் உடம்போடு பிணைக்கப்பட்டுக் குதிக்கிறார்கள். படம் எடுக்கும் பொறுப்பைப் பயிற்சியாளரிடமே விடுங்கள். சொந்த போனையோ கேமராவையோ கொண்டுவருவேன் என்று வற்புறுத்தாதீர்கள். தரைக்கு அருகே காலைத் தூக்கச் சொன்னால் முழங்கால் மடங்காமல் நன்றாகத் தூக்குங்கள். காற்று சரியில்லை, இன்று வேண்டாம் என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்புங்கள். கட்டிய பணத்துக்காகச் சண்டை போடும் வாடிக்கையாளர், தெரியாமலே ஒருவரைத் தவறான முடிவுக்குத் தள்ளுகிறார்.

குதிப்புத் தளங்களில் மாணவர்கள் புல்தரையில் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நடந்து பார்ப்பார்கள். இல்லாத கைப்பிடியைப் பிடித்தபடி நேராகச் சில அடி, செங்கோணமாகத் திரும்பிச் சில அடி, மறுபடி திரும்பிக் காற்றைப் பார்த்துச் சில அடி. வானத்தில் பறக்கப்போகும் செவ்வகத்தைக் காலால் மனப்பாடம் செய்கிறார்கள்.

அணிவதற்கு முன் ஒரு சோதனை, விமானம் ஏறும் முன் ஒன்று, குதிக்கும் முன் இன்னொன்று. கடைசிச் சோதனையை நாமே முழுசாகச் செய்ய முடியாது. முதுகிலிருக்கும் பையின் மடிப்பைத் திறந்து, அதை மூடி வைத்திருக்கும் ஊசி (பின்) சரியாக இருக்கிறதா என்று பார்க்க இன்னொருவரின் கை வேண்டும். பார்த்து, மூடி, தோளில் ஒரு தட்டு. 1988இல் அந்தக் கை ஒருமுறை நீண்டிருந்தால், தொட்ட மறுநொடியே தெரிந்திருக்கும், முதுகில் பாராசூட் இல்லை என்று.