முழங்காலும் முயற்சியும்

மனித உடம்பிலுள்ள மூட்டுகளுள் மிகப் பெரியது முழங்கால் மூட்டு. மேலே தொடையெலும்பும், கீழே கணைக்காலெலும்பும், முன்னே கவசம் போன்ற சில்லும் அங்கே கூடுகின்றன. அவற்றின் முனைகளைப் போர்த்திருக்கும் வழுவழுப்பான கசியிழையம் தேய்ந்து போனால், எலும்போடு எலும்பு உராய்ந்து நோவு பிறக்கின்றது. அதன் பின், படியேறுவதும், கோயில் வீதியை வலம் வருவதும், பாயை விட்டு எழும்புவதும் பெருந்துன்பமாகிவிடுகின்றன. மருந்தும் பயிற்சியும் பயன் தராத நிலையில், தேய்ந்த பரப்புகளைச் சீவி நீக்கி, அவற்றின் இடத்தில் உலோகத்தையும் உறுதியான பிளாஸ்திக்கையும் பொருத்துகின்ற சத்திரசிகிச்சையே வழியாகின்றது.

இந்த எண்ணம் புதியதன்று. 1890ஆம் ஆண்டிலேயே பெர்லின் நகரில் தெமிஸ்தொக்கிளிஸ் குளுக் என்னும் வைத்தியர், யானைத்தந்தத்தினாற் செய்த மூட்டொன்றை முழங்காலிற் பொருத்திப் பார்த்தார். கிருமிகளின் தாக்கத்தால் அம்முயற்சி நிலைபெறவில்லை. 1974ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் ஜோன் இன்சால் என்பவரும் அவருடைய தோழர்களும் பயன்படுத்தத் தொடங்கிய மூட்டின் வழிவந்தவையே இன்று பெரும்பாலும் வழக்கில் உள்ளன. இன்று இச்சத்திரசிகிச்சை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துள் முடிந்துவிடுகின்றது. ஆனால், அந்த இரண்டு மணி நேரம் மாத்திரமே வைத்தியருடைய வேலை. அதன் பின் வரும் மாதங்கள் நோயாளிக்கும் அவருடைய வீட்டாருக்கும் உரியவை. புதிய மூட்டு நன்கு மடங்குவதும் மடங்காது விறைப்பதும் பெரும்பாலும் அந்த மாதங்களிலேயே தீர்மானிக்கப்படுகின்றன.

நோயுற்ற உறுப்புக்கு ஓய்வு கொடுத்தல் வேண்டும் என்பது மக்கள் மனத்தில் ஆழ வேரூன்றிய நம்பிக்கை. அது வெறும் பாமர நம்பிக்கையுமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் ஜோன் ஹில்ற்றன் என்னும் பேர்பெற்ற சத்திரவைத்தியர் ஓய்வின் பெருமையை விளக்கி 1863ஆம் ஆண்டில் ஒரு நூலே வெளியிட்டார். லிவர்பூல் நகரின் ஹியூ ஓவன் தோமஸ் என்பவரும் நோயுற்ற மூட்டை நெடுங்காலம் அசையாது கட்டி வைப்பதையே வற்புறுத்தினார். காசநோய்க் கிருமி மூட்டுகளை அரித்த, அதற்கு மருந்தே இல்லாத அந்தக் காலத்திற்கு அது தக்க அறிவுரையே. பிற்காலத்தில், கனடாவின் தொரொன்ரோ நகரில் றொபேட் சோல்ற்றர் என்னும் வைத்தியர் முயல்களில் ஆராய்ச்சி நடத்தி, அசைக்கப்படும் மூட்டே நன்கு ஆறுகின்றது என்று காட்டினார். இன்று உலகெங்கும் முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பின் விதிக்கப்படுவது படுக்கையன்று, அளவறிந்த அசைவேயாம்.

அசைவு ஏன் இத்துணை இன்றியமையாதது? காரணங்கள் மூன்று. முதலாவது, காயம் ஆறுகையில் மூட்டினுள்ளே தழும்புத் திசு வளர்கின்றது. காலை மடக்கி நீட்டாதிருந்தால் அது இறுகி மூட்டைப் பிணித்துவிடும். இரண்டாவது, முழங்காலை நிமிர்த்தித் தாங்கும் தொடைத் தசை, வேலையின்றிக் கிடந்தால் விரைவில் மெலிந்துவிடும். மூன்றாவது, அசையாத காலின் நாளங்களிற் குருதி உறையலாம். அவ்வுறைவு பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்தாகும்.

ஆதலால், வைத்தியசாலையில் வேலை உடனேயே தொடங்குகின்றது. முதுகில் இட்ட ஊசியினால் மரத்துப்போன கால்களுக்கு உணர்வு திரும்பியவுடன், பாதங்களை மேலும் கீழுமாக அசைக்கும்படி தாதிமார் சொல்வர். அது கெண்டைக்காலின் குருதியை மேலே தள்ளும் எளிய பயிற்சி. அன்றே, அல்லது மறுநாள், நான்கு கால்களுள்ள தாங்குசட்டத்தைப் பற்றிக்கொண்டு நோயாளி எழுந்து நிற்கின்றார். பயிற்சிகளைக் கற்பிக்கும் இயன்மருத்துவர், முழங்காலின் பின்புறத்தைக் கட்டிலோடு அழுத்தித் தொடைத் தசையை இறுக்கவும், குதிக்காலை மெல்ல இழுத்துக் காலை மடக்கவும் பழக்குவார். நோவு இருக்கத்தான் செய்யும். நோவுக்கான மருந்தை உரிய வேளையில் உட்கொண்டு, அது வேலை செய்யும் நேரத்திற் பயிற்சியை மேற்கொள்வதே அறிவுடைமை. "மருந்து கூடாது, பொறுத்துக்கொள்வேன்" என்று வீரம் பேசுபவர் பயிற்சியைத் தவறவிடுவதே வழக்கம்.

எவ்வளவு மடங்கினாற் போதும்? சமதரையில் நடப்பதற்கு முழங்கால் ஏறக்குறைய 65 பாகையளவு மடங்குதல் வேண்டும். படியேற 80 பாகைக்கு மேலும், கதிரையிலிருந்து இலகுவாக எழும்புவதற்கு 90 பாகைக்கு மேலும் வேண்டும். ஆகவே, வீடு திரும்பும்போது செங்கோணமளவாவது மடங்குவது நன்று. மடங்குதல் போலவே நிமிர்தலும் முக்கியம். சுகமாக இருக்கின்றதென்று முழங்காலின் கீழே தலையணை வைத்துப் படுப்பவரின் கால் வளைந்தபடியே இறுகிவிடக்கூடும். தலையணை வேண்டுமானால் அது குதிக்காலின் கீழேயே இருத்தல் வேண்டும்.

உண்மையான சோதனை வீட்டிலே தொடங்குகின்றது. அங்கே தாதிமாருடைய கண்டிப்பு இல்லை. அன்பு மாத்திரமே உண்டு. "அம்மா, எழும்பாதேங்கோ, நான் கொண்டுவந்து தாறன்" என்று மகள் தண்ணீரையும் தேநீரையும் கட்டிலடிக்கே கொண்டு வருகிறாள். பார்க்க வரும் உறவினரும் அசையாது படுக்கும்படியே புத்தி சொல்கின்றனர். நல்ல மனத்தோடு செய்யப்படும் இந்தப் பணிவிடையே, சில வாரங்களில் மடங்க மறுக்கும் முழங்காலாக முடியக்கூடும். அந்நிலையில், மயக்கமருந்து கொடுத்து வைத்தியரே அதை வலிந்து மடக்கவேண்டி நேர்வதுமுண்டு.

எனவே, வீட்டார் செய்யத்தக்க உதவி வேறு வகையானது. கைபிடியுள்ள உயரமான கதிரை ஒன்றைத் தேடி வைத்தல், வழுக்கும் விரிப்புகளையும் காலில் இடறும் பொருள்களையும் அகற்றுதல், இரவில் மலசலகூடம் வரை வெளிச்சம் விடுதல், கீழ்த்தளத்திலேயே படுக்கை அமைத்தல் ஆகியன பெருந்துணையாகும். குந்தியிருக்கும் மலசலகூடம் மாத்திரம் உள்ள வீட்டில், நடுவே துளையுள்ள உயரமான கதிரையொன்றை முன்கூட்டியே ஏற்பாடு செய்தல் வேண்டும். பாயிற் சம்மணமிடுவதும் குந்துவதும் வைத்தியரின் அனுமதி கிடைக்கும்வரை ஆகா.

படிகளில் ஒரு விதி உண்டு: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது சிகிச்சை பெற்ற கால் முதலில். ஊன்றுகோலை நல்ல காலின் பக்கத்துக் கையிலே பிடித்தல் வேண்டும். பயிற்சியின் பின் வீக்கம் தோன்றினால், காலை உயர்த்தி, துணியிற் சுற்றிய பனிக்கட்டியைப் 15 நிமிடமளவு வைக்கலாம். இலேசான வீக்கமும் வெதுவெதுப்பும் சில மாதங்கள் நீடித்தல் இயல்பே. முழுப்பயன் தெரிய ஓராண்டு வரை செல்லலாம்.

ஆயினும், பொறுத்திருக்கக் கூடாத அறிகுறிகளும் உள. கெண்டைக்காலிற் புதிய நோவும் வீக்கமும், காய்ச்சலோடு நடுக்கம், காயத்திலிருந்து நீர் அல்லது சீழ் வடிதல், செம்மை பரவுதல் ஆகியன தோன்றினால் அன்றே வைத்தியரை நாடுதல் வேண்டும். மூச்சுத் திணறலோ நெஞ்சு நோவோ ஏற்பட்டால் ஒரு கணமும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். குருதி உறையாதிருக்கத் தரப்பட்ட மருந்தைச் சொல்லிய நாள்வரை நிறுத்தாது உட்கொள்வதும், நீரிழிவு உள்ளவர்கள் சீனியைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதும் அவசியம்.

ஒரே நாளில் ஒரு மைல் நடக்க முயல்பவரும், ஒரு மாதம் கட்டிலை விட்டு இறங்காதவரும் ஒருங்கே தவறுகின்றனர். நாளொன்றுக்குச் சிலமுறை, ஒவ்வொரு முறையும் சிறிது நேரம் என்று ஒழுங்காகப் பயில்பவரே நலம் பெறுகின்றார். தாய் கதிரையிலிருந்து தானே எழும்ப முயலும்போது, தூக்கிவிட ஓடாது, விழாதபடி அருகே நின்று பார்த்திருக்கும் பிள்ளையே அவருக்கு மிகப்பெரிய உதவியைச் செய்தவராவார்.