அண்ணா என்ற சொல்லும் ஒரு அகதி விசாரணையும்

என் சித்தியின் மகனுடைய அகதிக் கோரிக்கை ரொறொன்ரோவில் விசாரணைக்கு வந்து முடிந்து இப்போது கொஞ்ச நாளாகிறது. அதற்கு ஆயத்தம் செய்த காலத்தில் தேடிப் படித்ததையும், நான் விட்ட ஒரு பெரிய பிழையையும் இங்கே குறித்து வைக்கிறேன். அவனுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன். நான் லோயர் இல்லை, ஆகவே இதைச் சட்ட ஆலோசனையாக எடுக்கவேண்டாம்.

முதலில் கொஞ்சம் பின்னணி. அகதி கோருகிற ஒருவர் நேரில் போய்த் தன் கதையைச் சொல்லலாம் என்பது கனடாவில் எப்போதும் இருந்த விசயம் இல்லை. ஒரு காலத்தில் அதிகாரி ஒருவர் வாக்குமூலம் எடுப்பார். அதன் தட்டச்சுப் பிரதியைப் பார்த்து, ஆளின் முகத்தையே காணாதவர்கள் முடிவெடுப்பார்கள். 1985 ஏப்ரல் 4ஆம் திகதி உச்ச நீதிமன்றம் 'சிங்' வழக்கில் அதை மாற்றியது. ஒருவருடைய சொல்லை நம்பலாமா என்பதுதான் கேள்வி என்றால், அவரை நேரில் கேட்காமல் முடிவெடுப்பது நீதியில்லை என்பது அதன் சாரம். அதன் விளைவாக 1989இல் குடிவரவு, அகதிகள் சபை உருவானது. நம்முடைய ஆட்கள் 'போர்ட்' என்று சொல்வது இதைத்தான்.

நேரில் பேசுகிற உரிமை கிடைத்ததால் விசாரணையின் பாரம் முழுக்கப் பேச்சின் மேல் வந்துவிட்டது. சத்தியம் செய்து சொல்வதை, சந்தேகிக்கக் காரணம் இல்லாவிட்டால் உண்மை என்றே எடுக்கவேண்டும் என்பது இங்கே பழைய விதி. ஆனால் 'காரணம்' எங்கிருந்து வரும்? பெரும்பாலும் நீங்களே நிரப்பிக் கொடுத்த படிவத்திலிருந்து. படிவத்தில் ஒன்று, வாயில் ஒன்று, வேறொரு கடுதாசியில் இன்னொன்று. அங்கேதான் கனபேர் தடக்குப்படுகிறார்கள்.

அந்தப் படிவத்தின் பெயர் 'கோரிக்கையின் அடிப்படை', சுருக்கமாகப் பிஓசி. 2012 டிசெம்பரில், பழைய ஆட்கள் பிஐஎஃப் என்று சொல்லும் படிவத்தின் இடத்துக்கு வந்தது. யார் துன்புறுத்தினார்கள், எப்போது, ஏன், பொலிசிடம் போனீர்களா, நாட்டுக்குள்ளேயே வேறு இடத்துக்குப் போகப் பார்த்தீர்களா என்றெல்லாம் கேட்கும். தம்பிக்கு ஆங்கிலம் மட்டு. 'லோயரிட்ட பிறகு போவம், முதல்ல எழுதிக் குடுப்பம்' என்று நானே உட்கார்ந்து எழுதினேன். மொழிபெயர்த்தவர் கையெழுத்துப் போடும் இடத்தில் நானே கையெழுத்தும் போட்டேன்.

விசாரணைத் திகதி வந்த பிறகுதான் லோயரிடம் போனோம். இதில் யார் யார் காசு வாங்கி உதவலாம் என்பதற்குச் சட்டம் இருக்கிறது. சட்டத்தரணிகள், ஒன்ராறியோவில் சட்டச் சங்கத்தின் உரிமம் உள்ள பராலீகல்கள், போர்டில் தோன்றுவதற்கான தனி வகுப்பு உரிமம் உள்ள குடிவரவு ஆலோசகர்கள். வேறு ஆட்கள் காசு வாங்கிக்கொண்டு செய்யமுடியாது. உரிமம் இருக்கிறதா என்பதை அந்தந்தச் சங்கத்தின் இணையப் பதிவேட்டில் ஐந்து நிமிசத்தில் பார்த்துவிடலாம். வருமானம் குறைந்தவர்கள் லீகல் எயிட் ஒன்ராறியோவில் விண்ணப்பிக்கலாம். தம்பிக்கு அப்படித்தான் கிடைத்தது.

லோயர் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. அவ முதலில் கேட்டது, 'உங்களுக்கு எத்தனை சகோதரங்கள்?' தம்பி சொன்னான், 'ஒரு தங்கச்சி.' அவ படிவத்தைத் திருப்பினா. '2009இல் உங்கள் சகோதரன் இராணுவத்திடம் சரணடைந்து காணாமல் போனார் என்று இதில் இருக்கிறதே, அது யார்?'

அது அவனுடைய பெரியப்பாவின் மகன். கதை சொல்லும்போது தம்பி 'அண்ணா' என்றான், நான் 'பிரதர்' என்று எழுதினேன். எங்களுக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. நானும் அவனும்கூட அப்படித்தானே! குடும்ப விபரப் படிவத்தில் இருப்பதோ ஒரு தங்கச்சி மட்டும். விசாரணையில் இதைக் கேட்டால், இல்லாத ஒரு அண்ணனைக் கேசுக்காக உண்டாக்கினதுபோல இருக்கும். அந்த அண்ணாவுக்காகப் பெரியம்மா கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளோடு தெருவோரம் இருந்ததும், அவவோடு இவன் போய் நின்றதும், அதன்பிறகு வீட்டுக்கு ஆட்கள் வந்து விசாரித்ததும்தான் முழுக் கேஸும். அத்திவாரத்திலேயே நான் கல்லை மாற்றி வைத்திருந்தேன்.

இன்னொன்றும் வந்தது. முதன்முதலாக வீட்டுக்கு வந்து வெருட்டியது ஜூலை என்று எழுதியிருந்தேன். 'திகதி தெரியாது, ஆனா நல்லூர்த் தேர் முடிஞ்ச கிழமை' என்றான் தம்பி. அப்படியென்றால் ஜூலையாக இருக்க வழியில்லை. 'இண்டைக்குத்தானே இதைச் சொல்லுறாய்?' என்றேன். 'அண்டைக்கு நீங்கள் மாதத்தைத்தானே கேட்டனீங்கள்' என்றான்.

நல்லகாலம், இதைத் திருத்த வழி இருக்கிறது. மாற்றங்களுக்குக் கீழே கோடிட்டு, கையெழுத்தும் திகதியும் போட்டு, விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முதல் போர்டுக்குக் கிடைக்கச் செய்யவேண்டும். மற்ற ஆதாரங்களுக்கும் அதே 10 நாள்தான். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள கடிதங்களை மொழிபெயர்த்து, மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியோடு கொடுக்கவேண்டும். தானாக முன்வந்து திருத்தின பிழைக்கும் விசாரணை மேசையில் பிடிபட்ட பிழைக்கும் வித்தியாசம் பெரிது.

அடுத்த சந்திப்புகளுக்கு என்னை வரவேண்டாம் என்றா லோயர். வெளியாள் ஒருவரை உரைபெயர்ப்புக்கு வைத்தா. எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகுதான் விளங்கியது: வீட்டு ஆட்களுக்கு முன்னால் சொல்லமுடியாத விசயங்கள் இருக்கும். அவனை இரண்டு நாள் வைத்திருந்ததைப் பற்றி என்னிடம் சொன்னது 'அடிச்சவை' என்ற ஒரு சொல்தான். திருத்திய படிவத்தில் அந்த இடத்தில் இரண்டு பந்தி கூடியிருக்கிறது. அதை நான் வாசிக்கவில்லை, அவனும் காட்டவில்லை.

அங்கே நடந்ததை அவன் சொன்ன அளவில் எழுதுகிறேன். லோயர் பதில் சொல்லிக் கொடுக்கவில்லை. அது அவவின் தொழில் ஒழுக்கத்துக்கு மாறானது, உதவவும் உதவாது. அவ போர்ட் உறுப்பினர்போல இருந்து கேள்வி கேட்டா. பொதுவாக முதலில் கேட்பது உறுப்பினர், அதற்குப் பிறகுதான் நம்முடைய லோயர். இது தெரியாமல் போனால் திகைத்துவிடுவோம். சொன்ன விதிகள் மூன்று. கேட்ட கேள்விக்குப் பதில் சொல். விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல். ஞாபகம் இல்லாததை ஊகித்துச் சொல்லாதே. பாடமாக்கவே கூடாது என்பதும் கண்டிப்பு.

அதிக நேரம் போனது 'கொழும்பில் ஏன் இருக்க ஏலாது?' என்ற கேள்விக்கு. சொந்த நாட்டுக்குள் வேறு இடத்தில் ஆபத்தில்லாமல், நியாயமான முறையில் வாழமுடியும் என்றால் கோரிக்கை தோற்கும். இந்த விதியைக் கனடாவில் வடிவமைத்த பெடரல் மேன்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்புகள் இரண்டு, 1991இலும் 1993இலும் வந்தவை, இரண்டுமே இலங்கைத் தமிழர்களின் வழக்குகள். படித்தபோது ஒருமாதிரி இருந்தது.

உரைபெயர்ப்பாளரைப் போர்ட் இலவசமாகத் தரும். ஆனால் எங்கள் தமிழ் தெரிந்தவரா என்பதைத் தொடக்கத்திலேயே கவனிக்கவேண்டும். 'மறியலில் இருந்தவர்' என்றால் யாழ்ப்பாணத்தில் சிறையில் இருந்தவர், தமிழ்நாட்டில் தெருவை மறித்துப் போராடியவர். தம்பியின் கேசில் இரண்டுமே வரும்!

விசாரணை நாளில் லோயரின் அலுவலகத்திலிருந்து வீடியோவில்தான் பேசினான். நான் வெளியே இருந்தேன். மூன்று மணித்தியாலத்துக்குப் பிறகு வந்தவன் தண்ணி குடித்துவிட்டுச் சொன்னான்: 'அண்ணை, முதல் கேள்வியே அண்ணாவைப் பற்றித்தான். படிவத்தை ஏன் மாத்தினனீங்கள் எண்டு கேட்டவை.' 'என்ன சொன்னனி?' 'பெரியப்பான்ர மகன், நாங்கள் அண்ணா எண்டுதான் சொல்லுறது, எழுதேக்க பிழைச்சுப்போச்சு எண்டன். சரி எண்டு எழுதிக்கொண்டு அடுத்ததுக்குப் போயிட்டினம்.'

சில கிழமைகளில் முடிவு வந்தது, ஏற்றுக்கொண்டார்கள். மறுத்திருந்தால் மேன்முறையீட்டு அறிவித்தல் கொடுக்க 15 நாள்தான் இருந்திருக்கும்.

உறவுக்காரருக்குப் படிவம் எழுதிக் கொடுக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியையும் தமிழில் திருப்பி அவருக்கே வாசித்துக் காட்டுங்கோ. மாமா, அண்ணா, அக்கா வருகிற இடமெல்லாம் யாருடைய பிள்ளை என்று எழுதுங்கோ. கையெழுத்துப் போடுமுன் லோயரிடம் போங்கோ. நான் பிறகு போனேன்.