மகப்பேறும் அறிதுயிலும்

பிரசவம் தொடங்கி விட்டது என்பதை நம் வீடுகளில் எப்படிச் சொல்கிறோம்? "வலி வந்து விட்டது" என்கிறோம். பிள்ளை வரப் போகிறது என்று சொல்வதில்லை. பெண்ணுக்குப் பிரசவம் மறுபிறப்பு என்றும், செத்துப் பிழைப்பது என்றும், வளைகாப்பு அன்றே அவள் காதில் விழப் பேசுகிறோம். பழந்தமிழில் 'வலி' என்பதற்கு வலிமை என்ற பொருளும் உண்டு. அதை மறந்து மற்றதை மட்டும் வைத்துக் கொண்டோம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் மகப்பேற்றுப் பிரிவில் தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். "மிஸ்ஸி, ஊசி மருந்து இல்லாமல் ஹிப்னாடிசம் மூலம் பிள்ளை பெறலாமாமே, உண்மையா?" என்று கோயில் மண்டபத்தில் கேட்கும் இளம் பெண்கள் பலர். ஆகவே எனக்குத் தெரிந்ததை அன்பர்கள் முன் வைக்கிறேன்.

ஹிப்னாடிசம் என்றதும், மேடையில் ஒருவரை ஏற்றிக் கோழி போல் கூவ வைக்கும் வித்தைதான் பலருக்கு நினைவு வரும். அது வேறு. இதற்குத் தமிழில் 'அறிதுயில்' என்று பெயர். பாற்கடலில் பள்ளிகொண்ட பெருமாளின் உறக்கத்தைக் குறிக்க நம் முன்னோர் வைத்த சொல். உறங்குவது போலிருக்கும், ஆனால் அறிவு விழித்திருக்கும். பஜனையில் ஒன்றிப் போனவருக்குக் கால் மரத்துப் போனது எழும்போதுதான் தெரிகிறது அல்லவா? ஏறக்குறைய அந்த நிலைதான். கவனம் ஓரிடத்தில் குவிகிறது, மற்றவை தள்ளிப் போகின்றன. விரும்பினால் எந்த நேரமும் கண் திறந்து எழுந்து விடலாம். நம் விருப்பத்துக்கு மாறாக எதையும் செய்ய வைக்க முடியாது.

இது புதிதும் அல்ல. 1845இல் வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், அக்காலத்தில் மெஸ்மரிசம் எனப்பட்ட முறையில் நோயாளிகளை ஆழ்த்தி அறுவை சிகிச்சைகள் செய்தார். இரண்டே ஆண்டில், 1847இல், எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் பிரசவத்துக்குக் குளோரோஃபாம் கொடுக்கத் தொடங்கினார். 1853இல் விக்டோரியா மகாராணியாரே அதை ஏற்றுப் பிள்ளை பெற்றதும், மருந்துக்கு மதிப்புக் கூடியது. மனத்தின் வழி மங்கியது.

அதை வேறு வடிவில் மீட்டவர் இங்கிலாந்தின் கிராண்ட்லி டிக்-ரீட். இலண்டனின் ஏழைகள் பகுதியான வைட்சாப்பலில் குளோரோஃபாமை வேண்டாமென்று மறுத்து, அமைதியாகப் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணைக் கண்டது அவர் சிந்தனையைத் திருப்பியது. 1933இல் வெளிவந்த நூலில் தம் கொள்கையை எழுதினார்: அச்சம் உடலை இறுக்குகிறது, இறுக்கம் வலியைக் கூட்டுகிறது, வலி மேலும் அச்சத்தைத் தருகிறது. 1951இல் பிரெஞ்சு மருத்துவர் லமாஸ் சோவியத் நாட்டில் பார்த்து வந்த மூச்சுப் பயிற்சி முறையைப் பாரிசில் பரப்பினார். அமெரிக்காவின் மேரி மோங்கன் 1989இல் தொடங்கியதுதான் இப்போது பலரும் கேட்கும் 'ஹிப்னோபெர்த்திங்'.

டிக்-ரீட் சொன்ன வட்டத்தில் உண்மை இருக்கிறது. கருப்பை ஒரு தசைப் பை. மேற்பகுதித் தசைகள் சுருங்கிச் சுருங்கி, கீழேயுள்ள வாயை மெல்ல மேலிழுத்துப் பத்து சென்டிமீட்டர் அளவுக்குத் திறக்கின்றன. இவ்வேலையை நடத்துவது ஆக்ஸிடோசின் என்ற சுரப்பு. பயந்தால் அட்ரினலின் சுரக்கிறது. நாயைக் கண்டு ஓடும்போது சுரக்கும் அதே அட்ரினலின்தான். அது மிகும்போது கருப்பையின் வேலை தடுமாறக் கூடும். பல்லைக் கடித்து, தோளை உயர்த்தி, கட்டில் கம்பியை இறுகப் பிடித்திருக்கும் பெண் சீக்கிரம் களைத்துப் போவதை நான் எத்தனையோ இரவுகள் பார்த்திருக்கிறேன். தாடையைத் தளர விடச் சொன்னாலே பாதி மாற்றம் தெரியும்.

பயிற்சியை ஏழாம் எட்டாம் மாதத்தில் தொடங்கினால் போதும். தினமும் கால் மணி நேரம். மல்லாந்து படுக்கக் கூடாது. வயிற்றின் பாரம் பெரிய இரத்தக் குழாயை அழுத்தித் தலை சுற்ற வைக்கும். இடப்பக்கம் சாய்ந்து, முழங்கால்களுக்கு இடையே தலையணை வைத்துக் கொள்ளட்டும். நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு அல்லது எட்டு எண்ணும் வரை விட வேண்டும். வேகமாக மூச்சு வாங்கினால் விரல்கள் குறுகுறுத்து மயக்கம் வரும். சினிமாவில் காட்டுவதைப் பின்பற்ற வேண்டாம். பிறகு நெற்றி, கண், தாடை, தோள், உள்ளங்கை என்று ஒவ்வோர் உறுப்பாக மனத்தால் தொட்டுத் தளர்த்துவது. இது பழகிய பின், ஒரு கையை ஐஸ் தண்ணீருக்குள் வைத்திருப்பதாக எண்ணி, அது மரத்துப் போனதும் வயிற்றின் மேல் வைத்து, அந்த மரப்பு அங்கே பரவுவதாக நினைக்கப் பழக்குவார்கள். எல்லாருக்கும் இது கைகூடாது. சிலருக்கு வியக்கும்படி வரும்.

இன்னொன்றையும் மனத்தில் பதிக்கச் சொல்வேன். நன்றாகத் தொடங்கிய பிரசவத்தில் பத்து நிமிடத்துக்கு மூன்று முறை வலி வருகிறது என்று வையுங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு நிமிடம். மீதி ஏழு நிமிடம் ஓய்வு! பயந்தவள் அந்த ஏழு நிமிடத்தையும் அடுத்ததை நினைத்தே கழிக்கிறாள். பயிற்சி பெற்றவள் அதில் கண்ணயர்கிறாள்.

ஆனால் "வலியே இராது" என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம். 2016இல் ஒன்பது ஆய்வுகளை, 2,954 பெண்களை, ஒருசேர ஆராய்ந்தார்கள். அறிதுயில் பழகியவர்கள் வலி மருந்தைப் பொதுவாகக் குறைவாகக் கேட்டிருக்கலாம் என்று தெரிந்தது; முதுகில் போடும் எபிடியூரல் ஊசியில் மட்டும் வேறுபாடு இல்லை. இங்கிலாந்தில் 680 பெண்களைக் கொண்டு நடத்தி 2015இல் வெளியான ஆய்விலும் அப்படியே: பயிற்சி பெற்றவர்களில் நூற்றுக்கு 28 பேர், பெறாதவர்களில் 30 பேர் அந்த ஊசியைப் போட்டுக் கொண்டார்கள். ஆனால் பயிற்சி பெற்றவர்கள், தாங்கள் எதிர்பார்த்ததைவிடப் பயமும் பதற்றமும் குறைவாகவே இருந்ததாகப் பின்னர் கூறினார்கள். என் அனுபவமும் இதுவே. வலியைவிடப் பயத்துக்குத்தான் இது நல்ல மருந்து.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு பெண், தலைப்பிள்ளை, பதினாறு மணி நேரம் பொறுத்துப் பார்த்து விட்டு ஊசி கேட்டாள். பிள்ளை நலமாகப் பிறந்தது. மறுநாள் அவள் அழுதது வலியை நினைத்தல்ல. "நான் தோற்று விட்டேன் மிஸ்ஸி, அத்தை முகத்தில் எப்படி விழிப்பேன்?" என்று அழுதாள். மருந்தில்லாமல் பெறுவதாக எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். அந்த அழுகையை எனக்கு இன்னும் பொறுத்துக் கொள்ள முடியவில்லை. இதில் தேர்வும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. தோட்டத்து லயத்தில் நம் பாட்டிமார் மருந்தில்லாமல் எட்டுப் பிள்ளை பெற்றார்கள் என்று பெருமை பேசுவோர், அந்த எட்டில் எத்தனை தங்கின என்று அவர்களிடம் கேட்டதில்லை.

இரத்தப் போக்கு, உடைந்த நீர் பச்சையாக வருதல், பிள்ளை அசைவு குறைதல், கடுந்தலைவலியோடு கண் மங்குதல், காய்ச்சல் இவற்றில் எது கண்டாலும் வீட்டில் கண்மூடிப் படுத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். தீவிர மனநோயோ வலிப்போ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இப்பயிற்சியில் சேர வேண்டாம்.

பயிற்சியைவிட அழுத்தமான சான்று உள்ள ஒன்று, பிரசவம் முடியும் வரை கூடவே இருக்கும் ஓர் ஆள். 2017இல் வெளியான தொகுப்பில் 26 ஆய்வுகள், 15,000க்கும் மேற்பட்ட பெண்கள். துணை இருந்தவர்களுக்குப் பிரசவ நேரம் குறைந்தது, அறுவை குறைந்தது, வலி மருந்தும் குறைந்தது. காவிரி வெள்ளத்தால் அம்மா வர முடியாமல் தவித்த பெண்ணுக்கு ஈசனே தாயாக வந்து பிரசவம் பார்த்தான் என்று திருச்சி மலைக்கோட்டையில் தாயுமானவரை வணங்குகிறோமே, அந்தக் கதை அறிந்தவர்களுக்கு இந்த முடிவு வியப்பாக இராது.

யாரை உள்ளே விடுவார்கள் என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறுபடும். முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கணவர் வருவதானால் பயிற்சிக்கும் அவரையே அழைத்துச் செல்லுங்கள். எந்தச் சொல்லைச் சொன்னால் அவள் தளர்வாள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அம்மாவை உள்ளே விடாத இடத்தில் ஒரு பெண் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. "மூச்சை மெதுவா விடும்மா" என்று அம்மா சொல்வதைக் கைப்பேசியில் பதிந்து கொண்டு வந்து, விடியும் வரை காதில் வைத்துக் கேட்டுக் கொண்டிருந்தாள்.