மூக்கு சொல்வதும் கண் சொல்லவைப்பதும்

ஒயின் பாட்டிலின் பின்பக்க லேபிளில் செர்ரி, மிளகு, புகையிலை, வெண்ணெய் என்று ஒரு பட்டியலே இருக்கும். உள்ளே இருப்பதோ புளிக்கவைத்த திராட்சைச் சாறு. மிளகையோ வெண்ணெயையோ யாரும் அதில் போடவில்லை. அப்படியானால் இதெல்லாம் விலையை ஏற்றுவதற்காகக் கட்டிய கதைதானே என்று கேலி எழுவது இயல்பு. கேலி செய்பவர்கள் கையில் வலுவான சான்று ஒன்றும் இருக்கிறது. பிரான்ஸின் போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் தயாரிப்பியல் படித்த 54 மாணவர்களை வைத்து கில் மோரோவும் இரு சக ஆய்வாளர்களும் நடத்திய ஆய்வு 2001இல் வெளியானது. மாணவர்கள் முதலில் ஒரு வெள்ளை ஒயினையும் ஒரு சிவப்பு ஒயினையும் முகர்ந்து, தோன்றிய வாசனைகளைக் குறித்தார்கள். வெள்ளைக்கு வெளிர் நிறப் பொருள்களின் பெயர்களும் சிவப்புக்கு அடர் நிறப் பொருள்களின் பெயர்களும் வந்தன. அடுத்த அமர்வில் அந்த வெள்ளை ஒயினே இரண்டு கிளாஸ்களில் வந்தது. ஒன்றில் மட்டும் வாசனையற்ற சிவப்புச் சாயம் கலந்திருந்தது. சாயம் ஏறிய கிளாஸுக்குச் சிவப்பு ஒயினுக்கான சொற்களையே அவர்கள் கொடுத்தார்கள்.

இதோடு கதை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இந்த ஆய்வு காட்டியது ஒன்றைத்தான்: நிறத்தைப் பார்த்துவிட்டால் மூக்கு கண்ணுக்குக் கட்டுப்பட்டுவிடுகிறது. முகர்வதற்கு அங்கே ஒன்றுமே இல்லை என்று அது காட்டவில்லை. வேதியியலோ, இருக்கிறது என்கிறது. ஆஸ்திரேலிய ஷிராஸ் ஒயினில் வரும் மிளகு நெடிக்குக் காரணம் ரோட்டண்டோன் என்ற சேர்மம் என்று அந்நாட்டு ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டார்கள். நம் அஞ்சறைப்பெட்டி மிளகில் இருப்பதும் இதே ரோட்டண்டோன்தான். ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் 16 நானோகிராம், அதாவது ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்து அதில் 16 பங்கு, இருந்தாலே மூக்கு அதைப் பிடித்துவிடும். காபர்நே சாவிஞோன் வகையில் சில சமயம் அடிக்கும் பச்சைக் குடைமிளகாய் வாசனைக்குக் காரணமான பைரசின் குடைமிளகாயிலும் உண்டு. ஷார்டொனேயில் வெண்ணெய் மணப்பது, பாக்டீரியா மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற்றும்போது டைஅசிட்டைல் உண்டாவதால். வெண்ணெய்க்கு மணம் தருவதும் அதுவே. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை. மஸ்கட் திராட்சைகளின் பூ மணத்துக்குக் காரணமானவற்றில் ஜெரானியாலும் ஒன்று. ரோஜாவிலும் அது இருக்கிறது. மஸ்கட் ஒயினில் ரோஜா மணக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதைக் கற்பனை என்று தள்ள முடியாது.

சிவப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு வாயில் இன்னும் தெளிவாகத் தெரியும். வெள்ளை ஒயினுக்குப் பொதுவாகத் திராட்சையைப் பிழிந்து, தோலை நீக்கி, சாற்றை மட்டும் புளிக்கவைப்பார்கள். சிவப்புக்குத் தோலும் விதையும் சேர்ந்தே ஊறும். நிறத்தோடு டானினும் இறங்கும். அது உமிழ்நீரிலுள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்வதால் வாயின் வழுவழுப்புப் போய், ஈறும் கன்னத்தின் உட்புறமும் வறண்டு இழுக்கும். வாழைப்பூவிலும் பால் சேர்க்காத கடுந்தேநீரிலும் நாம் அறிந்த துவர்ப்பு இது. வெள்ளையில் துவர்ப்பு சொற்பம். அங்கே முன்னால் நிற்பது புளிப்பு. குளிர்ச்சி துவர்ப்பைக் கடுமையாக்கும் என்பதால் வெள்ளையை ஏறக்குறைய 10 டிகிரியிலும் சிவப்பை 16 டிகிரியை ஒட்டியும் கொடுக்கிறார்கள். சுவை பார்ப்பவர்கள் கிளாஸில் கொஞ்சமாக ஊற்றி, சுழற்றி, முகர்ந்து, ஒரு வாய் எடுத்துக் காற்றைச் சர்ரென்று உறிஞ்சிவிட்டுத் துப்பிவிடுவார்கள். அந்த உறிஞ்சல் பகட்டுக்கு அல்ல. வாயில் சூடேறிய ஆவி தொண்டைக்குப் பின்புறமாக மூக்குக்குள் ஏறுவதற்கு அது வழி செய்கிறது.

ஆக, வர்ணனையைப் பொய் என்று ஒதுக்கவும் வேண்டாம், வேதவாக்காக எடுக்கவும் வேண்டாம். அது ஒரு சாட்சியம். குறுக்கு விசாரணையில் நிற்கும் சொல்லை ஏற்கலாம், நிற்காததைத் தள்ளலாம். இந்த விசாரணைக்கு ஒழுங்கான முறையைத் தந்தவர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பணியாற்றிய ஆன் நோபல். 1980களில் அவர் அமைத்த வாசனைச் சக்கரத்தில் உள்வட்டம் பழம், பூ, மசாலா என்று பொதுவாகச் சொல்லும். வெளிவட்டத்துக்குப் போகப்போக இன்ன பழம், இன்ன மசாலா என்று பிரியும். கம்பீரம், நளினம் போன்ற சொற்களுக்கு அதில் இடமில்லை. அவற்றை யாராலும் சோதிக்க முடியாது. குடைமிளகாய் என்ற சொல்லைச் சோதிக்க முடியும். தனி மணம் அதிகமில்லாத ஒயினில் குடைமிளகாய்த் துண்டு ஒன்றை ஊறவைத்து, பயிற்சி பெறுபவர்கள் எல்லோரும் அதை முகர்ந்து பார்த்து, இதற்கு இந்தப் பெயர் என்று ஒத்துக்கொள்வார்கள். போர்தோ மாணவர்களை ஏமாற்றிய நிறத்துக்கும் மாற்று உண்டு: கறுப்பு கிளாஸில் ஊற்றிக் கொடுத்துவிடலாம்.

மறுப்பு இதோடு ஓய்வதில்லை. கலிபோர்னியா மாநிலக் கண்காட்சியின் ஒயின் போட்டியில், நடுவர்களுக்குத் தெரியாமல் ஒரே பாட்டிலிலிருந்து மூன்று முறை ஊற்றிக் கொடுக்கச் செய்து சோதித்தார் ராபர்ட் ஹாட்ஜ்சன். 2008இல் அவர் வெளியிட்ட முடிவின்படி, மூன்று முறையும் ஒரே பதக்க வரம்புக்குள் மதிப்பெண் போட்டவர்கள் சுமார் 10 சதவீதம்தான். அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வில், ஒரே ஒயினை 10 டாலர் என்று சொன்னபோது பிடித்ததைவிட 90 டாலர் என்று சொன்னபோது கூடுதலாகப் பிடித்தது. ஆனால் இவ்விரண்டிலும் தடுமாறியது மதிப்பெண்ணும் விருப்பமும். மிளகு மணக்கிறதா என்பது ஒரு கேள்வி. இந்த ஒயினுக்கு 88 போடலாமா 92 போடலாமா என்பது முற்றிலும் வேறு கேள்வி. முந்தைய கிளாஸ், களைப்பு, விலை எல்லாம் இரண்டாவதில் எளிதாகப் புகுந்துவிடும். முதல் கேள்வியிலும் எல்லோரும் ஒத்துப்போவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. சுமார் ஐந்தில் ஒருவருக்கு ரோட்டண்டோன் மிக அதிகமாக இருந்தாலும் தெரிவதில்லை. அவர் மிளகு இல்லை என்பதும் உண்மை, பக்கத்தில் இருப்பவர் உண்டு என்பதும் உண்மை.

லேபிளையும் விமர்சனத்தையும் படிக்க இதிலிருந்தே ஒரு வழி கிடைக்கிறது. மதிப்பெண்ணை ஒருவரின் அன்றைய அபிப்பிராயமாகக் கொள்ளலாம். அடைமொழிகளைத் தாண்டிப் போகலாம். பொருளின் பெயர் வரும் இடத்தில் மட்டும் நின்று, மூக்கோடு ஒத்துப் பார்க்கலாம். அந்தப் பெயர் ஐரோப்பாவிலிருந்தே வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிளாக்கரண்ட் பழத்தைக் கண்ணால்கூடப் பார்க்காதவர் அதை ஒப்பிப்பதைவிட, தனக்குத் தெரிந்த கிராம்பையோ நாவல்பழத்தையோ சொல்வது மேல். அப்போதுதான் பக்கத்தில் இருப்பவர் முகர்ந்துவிட்டு, ஆமாம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்ல முடியும்.