‘லெற்’: விடுதலும் தடுத்தலும்

ஆங்கிலம் பயிலும் மாணாக்கர் நீண்ட சொற்களைக் கண்டு அஞ்சுவர். ஆயினும் அவர்களை இடறி விழச் செய்வன பெரும்பாலும் மூன்றெழுத்துச் சொற்களே. ‘லெற்’ என்னும் வினை அத்தகையது. ‘அனுமதி’ என்று பொருள் மனனஞ் செய்தவர், ‘அவனைப் போக விடு’ என்னும் கருத்தில் ‘லெற் ஹிம் ரு கோ’ என எழுதிவிடுகிறார். அது பிழை, ‘லெற் ஹிம் கோ’ என்பதே முறை. ‘அலவ்’ என்னும் வினைக்குத்தான் இடையில் ‘ரு’ வேண்டும்.

இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ளத் தமிழே போதும். ‘போவதற்கு அனுமதி’ என்கிறோம். ‘போவதற்கு விடு’ என்று எவரும் சொல்வதில்லை. ‘போக விடு’ என்பதே வழக்கு. ஆகவே, லெற்றுக்கு நேரான தமிழ் ‘அனுமதி’ அன்று, ‘விடு’ என்று கொள்வோர்க்கு இப்பிழை நேராது.

வீட்டு வாடகையிலும் இவ்வுறவு தொடர்கிறது. வாயிலில் ‘ரு லெற்’ எனப் பலகை தொங்கினால், அவ்வீடு வாடகைக்கு விடப்படும் என்பது பொருள். விடுபவர் உரிமையாளர், எடுப்பவர் குடியிருக்க வருபவர். கொழும்புக்கு இடமாற்றம் பெற்ற எழுதுவினைஞர் ஒருவர், வெள்ளவத்தையில் வீடொன்றை வாடகைக்கு எடுத்த செய்தியை ‘ஐ ஹாவ் லெற் எ ஹவுஸ்’ என எழுதி, வாடகைப்படி கோருகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அதைப் படிக்கும் மேலதிகாரி என்ன நினைப்பார்? சொந்த வீட்டை வாடகைக்குக் கொடுத்துப் பணம் பெறுபவருக்குப் படி எதற்கு என்றே நினைப்பார். ‘றென்ற்’ என்னும் வினை இரு திசைக்கும் செல்லும். கொடுப்பவரும் கூறலாம், எடுப்பவரும் கூறலாம். லெற் ஒரு திசைக்கே உரியது. பணம் தொடர்பான கடிதங்களில் இதை மறத்தல் ஆகாது.

‘விடு’ கைகொடாத இடங்களும் உண்டு. ‘லெற் மீ நோ’ என்பதை ‘என்னை அறிய விடு’ எனப் பெயர்த்தல் நகைப்பிற்கிடம். ‘அறியத் தருக’ என்று இலங்கை அலுவலகங்கள் எழுதும் தொடரே அதற்கு ஏற்றது. ‘லெற் அஸ் கோ’ என்பதோ இருபொருள் தரும். பிடித்து வைத்திருப்பவரை நோக்கி ‘எங்களைப் போக விடு’ எனக் கெஞ்சுதல் ஒன்று. தோழரை நோக்கி ‘நாம் போவோம்’ என அழைத்தல் மற்றொன்று. ‘நாம்’, ‘நாங்கள்’ என்னும் வேற்றுமை ஆங்கிலத்தில் இல்லாமையால் வந்த மயக்கம் இது. ‘லெற்ஸ் கோ’ எனக் குறுக்கிவிட்டால் மயக்கம் நீங்கும். குறுகிய வடிவம் அழைப்பையே குறிக்கும், கெஞ்சுதலைக் குறியாது. தமிழ்ப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுத்தல் எளிது. அப்பாகுபாடு அதன் நாவிலேயே இருக்கிறது.

இனி ஒரு விந்தை. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், தெசலோனிக்கேயருக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் ஏழாம் வசனத்தைப் படிப்போர் திகைப்பர். அங்கே லெற் என்பதற்கு விடுதல் என்று பொருள் கொண்டால் வசனம் தலைகீழாகிவிடும். தடுத்தல் என்பதே அவ்விடத்துப் பொருள். ஷேக்ஸ்பியரின் ‘ஹம்லெற்’ நாடகத்திலும் இப்பொருள் வருகிறது. ஒரு சொல்லே எதிர்மறைப் பொருள் பெற்றதென எண்ணற்க. பழைய ஆங்கிலத்தில் வெவ்வேறு வடிவுடன் நின்ற இரு வினைகள், ஒலி தேய்ந்து ஓருருவாயின. தடுத்தலைக் குறித்தது, தாமதத்தைக் குறிக்கும் ‘லேற்’ என்னும் சொல்லுக்கு இனமானது.

தடுத்தற் பொருள் வினையாக வழக்கொழிந்தது. பெயராகச் சில மூலைகளில் மட்டும் எஞ்சியுள்ளது. பிரித்தானியக் கடவுச்சீட்டின் உட்பக்கத்தில், அதை உடையவரைத் தடையின்றிச் செல்லவிட வேண்டும் என்று கேட்கும் வாசகத்தில் ‘லெற்’ என்பதற்குத் தடை என்றே பொருள். ரெனிஸ் ஆட்டத்தில், முதல் வீச்சுப் பந்து வலையில் உரசி உரிய கட்டத்துள் விழுந்தால் நடுவர் ‘லெற்’ என்று கூறுவார். அவர் எதையும் அனுமதிக்கவில்லை. பந்து தடைப்பட்டது, மீண்டும் வீசுக என்கிறார்.