வில்லி வேண்டாம் என்றார் ஸ்டூடியோ தலைவி! கார்ட்டூன்களுக்குப் பின்னால் நடந்த சண்டைகள் தெரியுமா?

உலகம் முழுக்கக் குழந்தைகள் கொண்டாடிய ஒரு குட்டி வில்லியை, அவளை வரைந்து கொடுத்த ஸ்டூடியோவின் தலைவிக்கே பிடிக்கவில்லை, தெரியுமா? வில்லியின் பெயர் ஆஞ்செலிகா. தொடர், 'ரக்ராட்ஸ்'. தலைவி ஆர்லீன் கிளாஸ்கி. அவருக்கும் எழுத்தாளர்களுக்கும் நடந்த இழுபறியில் ஓர் எழுத்தாளர் குழுவே கலைந்து போனது. இதில் வேடிக்கை என்னவென்றால், அப்படிக் கலைந்தபின்தான் தொடர் உச்சத்துக்குப் போனது!

அந்த ஸ்டூடியோ பிறந்த கதையே ஒரு சாகசக் கதை. கேபர் சூப்போ என்ற ஹங்கேரி இளைஞர், 1975-ல் கம்யூனிஸ்ட் ஆட்சியிலிருந்து தப்பி வந்தவர். எப்படித் தப்பினார் தெரியுமா? இருண்ட ரயில் சுரங்கப்பாதை ஒன்றுக்குள் இரண்டரை மணி நேரம் நடந்து! பிறகு ஸ்வீடன் போனார். அங்கேதான் அமெரிக்க வடிவமைப்பாளரான கிளாஸ்கியைச் சந்தித்தார். இருவரும் லாஸ் ஏஞ்சலஸ் வந்து, 1982-ல் தங்கள் குடியிருப்பின் ஓர் அறையில் ஆரம்பித்ததுதான் 'கிளாஸ்கி சூப்போ' நிறுவனம். ஓர் அறை!

அந்தச் சின்ன நிறுவனத்தின் கைகளில் யார் வளர்ந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? சிம்ப்சன் குடும்பம்! 1987-ல் 'ட்ரேசி உல்மன் ஷோ'வின் நடுநடுவே துணுக்குப் படங்களாக வந்த சிம்ப்சன்களுக்கு உயிர் கொடுத்தவர்கள் இவர்கள்தான். பார்ட்டுக்கும் ஹோமருக்கும் மஞ்சள் தோல் வந்தது எப்படித் தெரியுமா? இந்த நிறுவனத்தின் வண்ணக் கலைஞர் ஜியோர்ஜி பெலூஸ் எடுத்த முடிவு அது. பார்ட்டின் தலைமுடிக்கும் நெற்றிக்கும் நடுவே கோடே கிடையாது. முடிக்கும் தோலுக்கும் பொருந்துகிற ஒரே நிறம் தேவைப்பட்டது. உலகின் புகழ்பெற்ற மஞ்சள் இப்படி ஒரு சின்னச் சிக்கலைத் தீர்க்க வந்தது!

சிம்ப்சன்ஸைத் தயாரித்த கிரேசி ஃபிலிம்ஸில் வேலை பார்த்தவர் பால் ஜெர்மைன். அந்தப் பழக்கத்தில்தான் அவர் கிளாஸ்கி, சூப்போ இருவரோடும் சேர்ந்தார். நிக்கலோடியன் சேனல் தனக்கென்று சொந்தமாகக் கார்ட்டூன்கள் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்த நேரம் அது. கிளாஸ்கிக்கு அப்போது இரண்டு சின்னப் பையன்கள். இந்தக் குழந்தைகளுக்குப் பேச வந்தால் என்ன சொல்வார்கள் என்று ஓர் அம்மாவாக அவர் யோசித்ததுதான் 'ரக்ராட்ஸ்'ஸின் விதை. மூவரும் சேர்ந்து அதை வளர்த்தார்கள்.

1991 ஆகஸ்ட் 11. இந்த நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்! ஒரே காலையில் நிக்கலோடியனில் மூன்று கார்ட்டூன்கள் அறிமுகமாயின: 'டக்', 'ரக்ராட்ஸ்', 'ரென் அண்ட் ஸ்டிம்பி'. மூன்றில் ஒன்றுகூட ஆரம்பித்த கைகளிலேயே அமைதியாக முடியவில்லை. 'ரென் அண்ட் ஸ்டிம்பி'யை உருவாக்கியவரைச் சேனல் அடுத்த ஆண்டே, 1992 செப்டம்பரில் வெளியேற்றிவிட்டது. 'டக்' 52 பகுதிகளோடு நிக்கலோடியனில் நின்றுபோய், பிறகு டிஸ்னியிடம் போனது. 'ரக்ராட்ஸ்' கதையோ இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிறது.

'ரக்ராட்ஸ்' நாயகன் டாமிக்கு ஒரு வயது. அவனுடைய பெரியப்பா மகள் ஆஞ்செலிகாவுக்கு மூன்று வயது. டாமியும் அவன் நண்பர்களும் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்வார்கள். பெரியவர்கள் காதில் அது விழாது. ஆஞ்செலிகாவோ பெரியவர்களிடமும் பேசுவாள், குழந்தைகளிடமும் பேசுவாள்! பெரியவர்கள் சொன்னதைக் குழந்தைகளிடம் திரித்துச் சொல்வாள், மிரட்டுவாள், பொம்மையைப் பிடுங்குவாள், அம்மா அப்பா எதிரே வந்தால் தேன் சொட்டப் பேசுவாள். இரண்டு உலகத்துக்கும் நடுவே நிற்கிற ஒரே வாசற்படி அவள்தான். அவளை எடுத்துவிட்டால் கதை நகரவே நகராது. எனக்கு இதில் சந்தேகமே கிடையாது: அந்தத் தொடரின் மிகப் புத்திசாலித்தனமான கண்டுபிடிப்பு ஆஞ்செலிகாதான்.

இவள் எங்கிருந்து வந்தாள் தெரியுமா? ஜெர்மைனின் சின்ன வயதில் அவரைப் படுத்தி எடுத்த ஒரு போக்கிரிப் பையனிடமிருந்து! குழந்தைகளின் உலகத்தில் மிரட்டுகிறவர் ஒருவர் நிச்சயம் இருப்பார் என்பது ஜெர்மைனுக்குத் தெரியும். அந்தப் பையனைத்தான் அவர் பெண் குழந்தையாக மாற்றி எழுதினார். குரல் கொடுத்த ஷெரில் சேஸ் அந்தக் கொஞ்சலும் அதட்டலும் கலந்த குரலில் அவளை உயிரோடு நிறுத்திவிட்டார்.

கிளாஸ்கிக்கு இது பொறுக்கவில்லை. அவர் ஒரு தாய். மூன்று வயதுப் பெண் இவ்வளவு கொடூரமாகவா நடந்துகொள்வாள், இதைப் பார்க்கிற குழந்தைகள் என்ன கற்றுக்கொள்ளும் என்பது அவர் கவலை. குழந்தைகள் பார்க்கிற படத்தில் மென்மை வேண்டும் என்று அவர் கேட்டார். ஜெர்மைனும் எழுத்தாளர்களும் விட்டுக்கொடுக்கவில்லை. குழந்தைகள் ஒருவரை ஒருவர் படுத்துவார்கள், அதை மறைத்தால் படம் பொய்யாகிவிடும் என்று நின்றார்கள். இது வெறும் கௌரவச் சண்டை கிடையாது. குழந்தை என்றால் யார் என்ற கேள்விக்கு அந்த அலுவலகத்தில் இரண்டு பதில்கள் இருந்தன. இரண்டு தரப்புமே குழந்தைகளை உயிராக நேசித்தவர்கள், அதுதான் இதில் மனதை நெகிழ வைப்பது!

'தி டிரையல்' என்ற பகுதியைப் பாருங்கள். டாமிக்குப் பிடித்த கோமாளி விளக்கு உடைந்து கிடக்கிறது. யார் உடைத்தது என்று குழந்தைகள் ஒரு நீதிமன்றமே நடத்துகிறார்கள்! ஆஞ்செலிகா வழக்கறிஞராக நின்று ஒவ்வொருவர் மேலும் பழி போடுகிறாள். கடைசியில், உடைத்தது அவளேதான் என்று தெரிகிறது. அதை அவள் பெருமையாக, சத்தமாகச் சொல்ல, பெரியவர்கள் காதில் விழுந்துவிடுகிறது. பால்புட்டி வயதுப் பிள்ளைகளை வைத்து ஒரு துப்பறியும் கதை! வில்லி இல்லாமல் இதை எப்படி எழுதுவது?

65 பகுதிகள் முடிந்ததும் தயாரிப்பு நின்றது. ஏன் 65 தெரியுமா? வாரத்துக்கு ஐந்து நாள் என்று 13 வாரம் ஓட்டினால் 65. தினசரி ஒளிபரப்புக்கு அமெரிக்கத் தொலைக்காட்சியின் பழைய கணக்கு அது. இவ்வளவு கையில் இருந்தால் திரும்பத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். ஜெர்மைனும் எழுத்தாளர்கள் பலரும் வெளியேறினார்கள். கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

நடந்தது என்ன? நிக்கலோடியன் அந்தப் பழைய பகுதிகளையே தினமும் போட்டது. தொடர் தீயாகப் பற்றிக்கொண்டது! எழுதியவர்கள் வேறு வேலைக்குப் போன பிறகு, அவர்கள் எழுதிய வரிகளுக்கு நாடே சிரித்தது. சேனல் மறுபடி தயாரிப்பைத் தொடங்கச் சொன்னது. 1998-ல் வந்த 'ரக்ராட்ஸ்' திரைப்படம் அமெரிக்காவில் மட்டும் 10 கோடி டாலரைத் தாண்டியது. டிஸ்னி தயாரிக்காத ஓர் அனிமேஷன் படம் அந்தக் கோட்டைத் தொட்டது அதுவே முதல்முறை! தொடர் 2004 வரை நீடித்தது.

வெளியேறியவர்கள் சும்மா இருந்தார்களா? கிரெய்க் பார்ட்லெட் 1996-ல் 'ஹே ஆர்னால்ட்!' தொடரை உருவாக்கினார். ஜெர்மைனும் ஜோ ஆன்சலபிஹியரும் 1997-ல் டிஸ்னிக்காக 'ரீசெஸ்' தொடரைக் கொண்டுவந்தார்கள். பள்ளி மைதானத்தில் சட்டதிட்டங்களோடு ஒரு குட்டிச் சமுதாயமே நடத்தும் பிள்ளைகளின் கதை. இந்த இரண்டு தொடர்களையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு, இவை ஒரே எழுத்தறையின் கிளைகள் என்று தெரியும்?

ஒரு விஷயம் நியாயமாகச் சொல்ல வேண்டும். எழுத்தாளர்கள் போனபின் தொடர் மொண்ணையாகிவிட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. டாமியின் நண்பனான பயந்தாங்கொள்ளிச் சக்கிக்கு அப்பா மட்டும்தான். அம்மா எங்கே என்று தொடர் ஆண்டுக்கணக்காக வாய் திறக்கவில்லை. 1997-ல் அன்னையர் தினப் பகுதியில் உண்மையைச் சொன்னார்கள்: அவன் அம்மா இறந்துவிட்டார். பால்மணம் மாறாத பிள்ளைகளின் கார்ட்டூனில் மரணம்! அவ்வளவு மென்மையாக, அவ்வளவு நேர்மையாகச் சொன்னார்கள். கிளாஸ்கி கேட்ட மென்மையும் ஜெர்மைன் கேட்ட உண்மையும் அந்த ஒரு பகுதியில் கைகோத்து நிற்பதாக எனக்குப் படுகிறது.

சரி, மற்ற ஸ்டூடியோக்களில் என்ன நடந்தது?

ஸ்டூடியோவும் சேனலும் திரைக்கதையில் கை வைக்கவே முடியாது என்று ஒப்பந்தம் போட்ட ஒருவர் இருக்கிறார், தெரியுமா? சிம்ப்சன்ஸ் தயாரிப்பாளர் ஜேம்ஸ் எல். புரூக்ஸ்! ஃபாக்ஸ் நிறுவனம் உள்ளடக்கத்தில் தலையிடக் கூடாது என்ற நிபந்தனையை அவர் ஆரம்பத்திலேயே வாங்கிவிட்டார். அமெரிக்கத் தொலைக்காட்சியில் இது கேள்விப்படாத சுதந்திரம். ஆனாலும் சண்டை வந்தது, இந்த முறை வீட்டுக்குள்ளேயே! 1995-ல் வேறொரு கார்ட்டூன் நாயகனைச் சிம்ப்சன்ஸுக்குள் கொண்டுவந்த ஒரு பகுதியை மேட் க்ரோனிங் ஏற்கவில்லை. தான் உருவாக்கிய தொடரின் அந்தப் பகுதியிலிருந்து தன் பெயரையே எடுக்கச் சொல்லிவிட்டார்!

'பேட்மேன்' கார்ட்டூனின் பின்னணிகளைக் கறுப்புத் தாளில் வரைந்தார்கள், தெரியுமா? இருட்டை மேலே பூசவில்லை, இருட்டிலிருந்தே தொடங்கினார்கள். அதில் ராபின் என்ற சிறுவனின் பெற்றோர் சர்க்கஸ் ஊஞ்சலிலிருந்து விழுந்து சாக வேண்டும். குழந்தைகள் நிகழ்ச்சியில் அதைக் காட்ட முடியாது. என்ன செய்தார்கள்? ஆட்டம் நிழலாகத் தெரிகிறது. பிறகு அறுந்த கயிறு மட்டும் வெறுமையாக ஆடித் திரும்பி வருகிறது! உடம்பு விழுவதைக் காட்டியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது. அந்தக் கதையின் முதல் பாகம் 1993-ல் எம்மி விருது வாங்கியது. தடை போட்டவர்களுக்கும் அந்தக் காட்சியில் ஒரு பங்கு உண்டு என்று நான் முழு மனதோடு சொல்வேன்.

தடை எப்போதும் இப்படிக் கலையாக மாறிவிடாது. 1994-ல் தொடங்கிய 'ஸ்பைடர்மேன்' தொடரில் மார்பியஸ் என்ற ரத்தக்காட்டேரி வருகிறான். ரத்தம் என்ற சொல் வரக் கூடாது, கழுத்தைக் கடிக்கக் கூடாது. அதனால் அவன் 'பிளாஸ்மா' வேண்டும் என்று அலைகிறான், அதையும் உள்ளங்கையில் இருக்கும் உறிஞ்சிகளால் எடுக்கிறான்! கழுத்தில் பதியும் பல்லைவிட உள்ளங்கையில் திறக்கும் வாய் பயங்கரமாக இருக்கிறது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

பொம்மைக் கம்பெனி கதை எழுதச் சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? 1986-ல் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' திரைப்படம். ஹாஸ்ப்ரோ பழைய பொம்மைகளை நிறுத்திவிட்டுப் புதியவற்றை விற்க வேண்டும். எனவே பழையவர்கள் சாக வேண்டும்! தலைவன் ஆப்டிமஸ் பிரைமும் சாகிறான். குடும்பத்திலிருந்து அப்பாவை எடுத்துவிடுவது போன்றது இது, வேண்டாம் என்று சொன்னதாக எழுத்தாளர் ரான் ஃப்ரீட்மன் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கேட்கவில்லை. தியேட்டரில் பிள்ளைகள் கதறி அழுதார்கள், வீடுகளிலிருந்து கடிதங்கள் குவிந்தன. 1987-ல் பிரைமை உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். அதே நிறுவனத்தின் 'ஜி.ஐ. ஜோ' படத்தில் ட்யூக் என்ற வீரன் சாகும் காட்சி தயாராக இருந்தது. அவன் கோமாவில் இருக்கிறான் என்று ஒரு வசனத்தை மேலே ஒட்டி அவனைக் காப்பாற்றினார்கள்! தங்கள் நாயகனுக்காக அழுத குழந்தைகள் அடுத்த படத்தின் வசனத்தையே மாற்றிவிட்டார்கள். இவர்களைவிடப் பெரிய விமர்சகர்கள் உண்டா?

இன்னும் ஒன்று, இது எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. 'தி லெஜெண்ட் ஆஃப் கோரா' தொடரின் நாயகி ஒரு பெண் என்றதும் நிக்கலோடியன் தயங்கியது. சாகசத் தொடரில் பெண் நாயகி என்றால் பையன்கள் பார்க்க மாட்டார்களாம்! பையன்களுக்கே போட்டுக் காட்டினார்கள். நாயகி பெண் என்பது அவர்களுக்கு ஒரு விஷயமாகவே தெரியவில்லை. அவள் அருமை என்றார்கள். 2012-ல் தொடர் வந்தது.

அதே தொடரின் கடைசி சீசனில் சேனல் பட்ஜெட்டைக் குறைத்தது. எவ்வளவு? ஏறக்குறைய ஒரு முழுப் பகுதிக்கு ஆகும் பணம்! ஒரு பகுதியைக் கைவிட்டுக் கலைஞர்கள் பலரை வீட்டுக்கு அனுப்பலாம். இல்லையென்றால் பழைய காட்சிகளைத் தொகுத்து, நடுவே கொஞ்சம் புதிதாக வரைந்து ஒரு பகுதியை ஒப்பேற்றலாம். தொடரை உருவாக்கிய மைக்கேல் டிமார்ட்டினோவும் பிரையன் கோனியெட்ஸ்கோவும் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். தங்கள் தொடரில் ஒரு தொகுப்புப் பகுதி வந்து நிற்பதை எந்தப் படைப்பாளியும் விரும்ப மாட்டார். ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள் என்றும் அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் குழுவில் ஒருவர் வேலையும் போகக் கூடாது என்று முடிவெடுத்து, காரணத்தையும் வெளிப்படையாக எழுதினார்கள். 2014 டிசம்பரில் வந்த அந்த இறுதிக்கட்டப் போர்க் காட்சிகளைப் பார்த்து வாய் பிளந்தோமே, அவற்றில் அப்படிக் காப்பாற்றப்பட்ட அதே குழுவுக்கும் பங்கு உண்டு, தெரியுமா!